கதவுக்கு மூன்று நிமிடம் முன்னால்

ஒரு விடுகதை போடுகிறேன் அண்ணா. ஸ்டூலில் நின்றபடியே பதில் சொல்லுங்கள். ஒரு வீடு. அதற்கு ஒரே கதவு. வெளியே யாரும் இல்லை. நாய்கூட இல்லை. ஆனாலும் கதவு தட்டும் சத்தம் கேட்கிறது. தட்டுவது யார்?

காற்றா? எல்லோரும் முதலில் காற்று என்றுதான் சொல்வார்கள். காற்று இல்லை. யோசித்துக்கொண்டே வேலையைப் பாருங்கள். அந்த ஒயரை மட்டும் இழுக்காமல் கழற்றுங்கள், சுவரில் ஆணி ஆடுகிறது.

படிவத்தில் காரணம் கேட்டீர்கள். "வீடு மாறலைங்களா சார்? லைன் மட்டும் மாறுதுங்களா?" என்று கேட்டீர்கள். ஆமாம். நான் இங்கேயேதான் இருக்கிறேன். இன்டர்நெட் லைன் மட்டும் காரமடைக்குப் போகிறது. "அங்க புதுசா ஒரு பெட்டி போட்டுக்கலாமே" என்றீர்கள். இல்லை, இந்த வைஃபை பெட்டிதான் போக வேண்டும். இதே பெட்டி, இதே பெயர், இதே பாஸ்வேர்டு. அதற்கான காரணம் உங்கள் படிவத்தில் இருக்கிற ஒரு விரல் அகலக் கட்டத்துக்குள் அடங்காது. நான் முழுதாகச் சொல்கிறேன். நீங்கள் சுருக்கி எழுதிக்கொள்ளுங்கள். நாச்சிமுத்து என்று சட்டையில் போட்டிருக்கிறதே, அதுதானே உங்கள் பெயர்? என் பெயர் தனபால்.

பெரிய நிறுவனங்களின் நெட்வொர்க்கைக் காவல் காப்பது என் வேலை. தடியோடு வாசலில் நிற்கிற காவல் இல்லை. திரை முன்னால் உட்கார்ந்திருப்பேன். எந்தக் கம்ப்யூட்டர் எந்த விலாசத்தோடு பேசுகிறது, எத்தனை மணிக்குப் பேசுகிறது, எவ்வளவு நேரம் பேசுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். என்ன பேசுகிறது என்பது பெரும்பாலும் தெரியாது. அது ஒட்டிய உறைக்குள் இருக்கிற கடிதம் மாதிரி. உறையின் மேல் விலாசம் இருக்கும், எடை இருக்கும், நேரம் இருக்கும். பதினாறு வருடம் பார்த்த கண்ணுக்கு அது போதும். உள்ளே என்ன எழுதியிருக்கும் என்று சொல்லிவிடுவேன்.

விடுகதைக்கு விடை, உள்ளே வந்துவிட்ட திருடன். நெட்வொர்க்கில் நுழைகிற திருடன் சத்தமில்லாமல் நுழைந்துவிடுவான். நுழைந்த பிறகு தன் எஜமானுக்குச் செய்தி சொல்ல வேண்டாமா? அதற்காக உள்ளேயிருந்து கதவைத் தட்டுவான். மெதுவாக, தவறாமல், ஒரே கணக்கில் தட்டுவான். அந்தத் தட்டலைக் கேட்டுப் பிடிப்பதுதான் எங்கள் வேலை. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் இந்த விடுகதையைத்தான் போடுவேன். ஒருவர்கூட இதுவரை சரியாகச் சொன்னதில்லை.

என் மகளுக்குப் பத்து வயதில் போட்டேன். நிறைமதி என்று பெயர், மதி என்று கூப்பிடுவோம். உடனே சொன்னாள், "உள்ள இருக்கறவங்கப்பா. வெளிய போகணும்னு தட்டறாங்க." பாதிதான் சரி என்று சொல்லி, பாதி மதிப்பெண் கொடுத்தேன்.

கெட்டிக்காரி. இப்போது பன்னிரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமை தோறும் இந்த மேஜையில் உட்கார வைத்து என் வேலையைச் சொல்லிக்கொடுத்தேன். சீட்டுக்கட்டு அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தேன். அதோ, டிவிக்குப் பின்னால் பச்சை விளக்கு மினுக்குகிறதே, அதுதான். மூன்று பாடம் சொன்னேன். ஒன்று, முதல் முப்பது நாள் எதையும் செய்யாதே, சும்மா பார். எது இயல்பு என்று தெரிந்துகொள். இரண்டு, இயல்பிலிருந்து விலகுவது எதுவோ அதைக் குறித்து வை. மூன்று, எச்சரிக்கை மணி திருடன் காதில் விழக் கூடாது. விழுந்தால் அவன் உஷாராகிவிடுவான்.

மூன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

போன ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது அவள் வகுப்பில் ஒரு பெண்ணுக்குத் தொந்தரவு வந்தது. விளையாட்டுச் செயலியில் யாரோ ஒருவன் அண்ணன் மாதிரிப் பேசிப் பழகி, படம் அனுப்பச் சொல்லி மிரட்டியிருக்கிறான். நல்லவேளை, சீக்கிரம் தெரிந்துவிட்டது. அன்றைக்கே நான் வீட்டில் ஒரு சாம்பல் நிறப் பெட்டியை வைத்தேன். உங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அது. இந்த வீட்டிலிருந்து வெளியே போகிற, வெளியிலிருந்து உள்ளே வருகிற எல்லாம் அதில் பதிவாகும். நான் மறைத்து வைக்கவில்லை. சுகந்தியிடமும் மதியிடமும் சொல்லித்தான் வைத்தேன். சுகந்தி என் மனைவி.

"எல்லாமா தெரியும்?" என்று கேட்டாள்.

"உள்ளே என்ன என்று தெரியாது. எங்கே போனீர்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு நேரம் இருந்தீர்கள், அவ்வளவுதான்."

"அப்புறம் தெரியறதுக்கு என்ன மிச்சம் இருக்குதுங்க?" என்றாள்.

அவள் எப்போதும் இப்படித்தான், எதையும் பெரிதுபடுத்துவாள். ஒரு தகப்பன் செய்ய வேண்டியதைத்தானே நான் செய்தேன்? நீங்களே சொல்லுங்கள். உங்களுக்குப் பெண்பிள்ளை உண்டா? உண்டா, எத்தனை வயது? போன் வைத்திருக்கிறதா? சும்மா கேட்கிறேன்.

முப்பது நாள் பார்த்தேன். வீட்டின் இயல்பு தெரிந்தது. அதற்குப் பிறகு, ஆபீசில் செய்கிற ஒரு நல்ல பழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்த ஷிப்ட் வரும்போது பதினைந்து நிமிடம் உட்கார்ந்து பேசுவோம். இன்றைக்கு என்ன வந்தது, எதற்கு விடை தெரிந்தது, எது மிச்சம் என்று பேசுவோம். ஹேண்ட்ஓவர் என்று பெயர். வீட்டில் சாயங்கால டீ குடித்ததும் அதைச் செய்தேன். ஒரு தாள் எடுத்துக்கொண்டு வந்து உட்காருவேன். நான்கைந்து கேள்வி இருக்கும், அவ்வளவுதான்.

காலையில் பதினொன்று பத்துக்கு ஆசிரியர் வேலைக்கான விளம்பரம் பார்த்திருக்கிறாயே, எதற்கு? உன் அண்ணியோடு பதினான்கு நிமிடம் வீடியோவில் பேசியிருக்கிறாய், வழக்கமாக ஆறு நிமிடம்தானே? மதி, ஒரே பாட்டை முப்பத்தொரு தடவை கேட்டிருக்கிறாய், ஏன் கண்ணு? இப்படித்தான் கேட்பேன். கை ஓங்கியது கிடையாது அண்ணா. குரலைக்கூட உயர்த்தியது கிடையாது. ஒவ்வொரு கேள்விக்கும் முடிவில், சும்மாதான் கேட்கிறேன் என்று சொல்வேன்.

ஒருநாள் சுகந்தி, "நான் என்ன பிரிண்டரா, கேட்டதும் தாள் துப்பறதுக்கு?" என்றாள். மதி சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் அதே கேள்வியை மறுபடி கேட்டேன். விடை வராத கேள்வியை விட்டுவிட்டு எழுந்திருப்பது எங்கள் தொழிலில் கிடையாது.

ஜூலை முடிவதற்குள் வீடு நன்றாகக் கட்டுக்குள் வந்துவிட்டது. வீடியோ பேச்சு இல்லை. விளம்பரம் பார்ப்பது இல்லை. பாட்டு இல்லை. சுகந்தியின் போன் பகலெல்லாம் தூங்கியது. தாளில் எழுதக் கேள்வியே இல்லாத நாட்கள் வந்தன. இவ்வளவு சுத்தமான நெட்வொர்க்கை நான் எங்கேயும் பார்த்ததில்லை. ஆபீசில் பெருமையாகச் சொன்னேன். ஷகிலா என்று எங்கள் டீமில் ஒரு பெண், வாய் கொஞ்சம் நீளம். "அவ்வளவு அமைதியா இருந்தா நாம முதல்ல என்ன சார் செக் பண்ணுவோம்?" என்று கேட்டாள்.

அதுவும் சரிதான். ரொம்ப அமைதியாக இருந்தால் கருவி பழுதாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்து சாம்பல் பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். பழுது இல்லை. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தத் தட்டலைப் பார்த்தேன்.

சமையலறையில் ஒரு விளக்கு இருக்கிறது, நிறம் மாறுகிற விளக்கு. மதியின் பதினோராவது பிறந்த நாளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது. அதுவும் வைஃபையில் பேசும். நிறம் மாறும்போதெல்லாம் தன் கம்பெனிக்கு ஒரு துண்டுச் செய்தி அனுப்பும், நான் இந்த நிறத்துக்கு மாறிவிட்டேன் என்று. அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் நேரத்தைப் பாருங்கள். ஒருநாள் மாலை ஐந்து ஐம்பத்தொன்றுக்கு அனுப்பியிருக்கிறது. நான் அன்றைக்கு வீட்டுக் கதவைத் திறந்தது ஐந்து ஐம்பத்து நாலு. இன்னொரு நாள் எனக்கு ஷிப்ட் மாறி மத்தியானம் மூன்று இருபத்தைந்துக்கு வந்தேன். விளக்கு மூன்று இருபத்திரண்டுக்குப் பேசியிருக்கிறது. தலைவலி என்று பாதியில் கிளம்பி வந்த நாளில், பதினொன்றே காலுக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். பதினொன்று பன்னிரண்டுக்கு விளக்கு பேசியிருக்கிறது.

நான் வருவது அதற்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது, அண்ணா. ஒவ்வொரு தடவையும் மூன்று நிமிடம் முன்னால்.

நான் பேய் பிசாசு நம்புகிறவன் இல்லை. ஆனால் அந்த ஐப்பசி மழையில் இந்த மூன்று மாடியை ஏறும்போதெல்லாம் முதுகில் ஒரு மாதிரி இருக்கும். மேலே ஏதோ ஒன்று எனக்காகக் காத்திருக்கிற மாதிரி. பாதிப் படியில் நின்று காதைக் கொடுத்துக் கேட்பேன். ஒரு சத்தமும் இருக்காது. கதவைத் திறந்தால் சுகந்தி சமையல் மேடை துடைத்துக்கொண்டிருப்பாள். மதி புத்தகம் பிரித்து வைத்திருப்பாள். விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருக்கும். எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஒழுங்காக இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியவில்லை. இப்போதுதான் யாரோ எழுந்து போன நாற்காலியில் உட்காருகிற மாதிரி இருக்கும்.

விளக்கைக் கழற்றி ஆபீசுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் ஆராய்ந்தேன். அதற்குள் திருட்டு எதுவும் இல்லை. திரும்ப மாட்டினேன். மறுநாள் மறுபடி அதே மூன்று நிமிடம். அப்புறம்தான் தோன்றியது, கோளாறு விளக்கில் இல்லை, என் போனில். வண்டி ஷெட் வரைக்கும் நம் வைஃபை எட்டும். நான் கீழே வண்டியை நிறுத்தும்போதே போன் அதில் சேர்ந்துவிடும். ஹெல்மெட்டைக் கழற்றி, மூன்று மாடி ஏறக் கணக்காக மூன்று நிமிடம். ஆக, என் போன் வீட்டில் சேர்ந்ததும் அதில் ஒளிந்திருக்கிற ஏதோ ஒன்று விளக்கைத் தட்டுகிறது என்று முடிவு செய்தேன். என் மூலமாகத்தான் அது வீட்டுக்குள் வருகிறது. போனை முழுக்க அழித்துப் புதிதாக்கினேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. போகவில்லை.

கடைசியாக ஒரு சோதனை செய்தேன். சந்தேகப்படுகிற பொருளைத் தனியாகப் பிரித்து வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும், அதுதான் முறை. டிசம்பரில் ஒரு புதன்கிழமை போனை ஆபீஸ் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

படி ஏறும்போதே சத்தம் கேட்டது. பாட்டு. எங்கள் வீட்டில் இருந்துதான். அதற்கு மேல் சிரிப்பு. சுகந்தி அப்படிச் சிரிப்பாள் என்று எனக்கு ஞாபகமே இல்லை. கல்யாணமான புதிதில் கேட்டிருக்கலாம். கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. தள்ளினேன்.

சமையலறைத் தரையில் சுகந்தி காலை நீட்டி உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். மதி என் பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றாள். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் தாள். தாளைப் பார்த்துப் படிக்கிறாள்: "பதினொன்று பத்துக்கு ஒரு பட்டாணி கீழே விழுந்திருக்கிறது. வழக்கமாக விழாதே? யாரோடு போனது? சும்மாதான் கேட்கிறேன்." குரல்கூட என் குரல். சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர் வழிகிறது.

பிறகு என்னைப் பார்த்தாள். இல்லை, சரியாகச் சொல்ல வேண்டும். அவள் முதலில் என்னைப் பார்க்கவில்லை. விளக்கைத்தான் பார்த்தாள். தலையைத் தூக்கி, மேலே எரிகிற விளக்கைப் பார்த்தாள். அது மஞ்சளாகவே இருந்தது. அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

மதியும் விளக்கைப் பார்த்தாள்.

வேறு யாராக இருந்தாலும் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். நான் கவனித்தேன். கண் போகிற இடத்தை வைத்துத்தான் நாங்கள் எதையும் பிடிப்பது. விளக்குக்கு உள்ளேயிருந்து கட்டளை கொடுக்கக்கூடியது ஒன்றுதான். நேரே போய் டிவிக்குப் பின்னால் இருந்த குட்டிக் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன்.

எட்டே எட்டு வரி புரோகிராம், அண்ணா. பத்து நொடிக்கு ஒரு தடவை வீட்டுக்குள்ளேயே ஒரு கேள்வி கேட்கிறது: அப்பா போன், இருக்கிறாயா? பதில் இல்லையென்றால் சும்மா இருக்கிறது. அதற்குப் பிறகு முதல் தடவை இருக்கிறேன் என்று பதில் வந்தால் விளக்கை ஒரு நிமிடத்துக்கு வெள்ளையாக்குகிறது, மறுபடி மஞ்சளாக்குகிறது. சத்தம் கிடையாது. நான் கதவைத் தொடும்போது விளக்கு பழையபடி இருக்கும். கேள்வியும் பதிலும் வீட்டுக்குள்ளேயே நடப்பதால் என் சாம்பல் பெட்டியில் ஏறாது. அது வாசலைத்தானே பார்க்கிறது? விளக்கு தன் கம்பெனிக்குச் சொன்ன அந்தத் துண்டுச் செய்தி மட்டும்தான் எனக்குக் கிடைத்தது. எட்டு வரியில் என் மூன்று பாடமும் இருந்தது. எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. எவ்வளவு பாசம் இருந்தால் பத்து நொடிக்கு ஒரு தடவை, அப்பா இருக்கிறாயா, அப்பா இருக்கிறாயா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்?

ஒரு பதிவேடும் வைத்திருந்தாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே தேதி, நேரம், குறிப்பு. சில வரி மனப்பாடமாகிவிட்டது.

முதல் பக்கத்தில், "ஜூன் முழுக்க முப்பது நாள் சும்மா பார்த்தேன். எது இயல்புன்னு தெரிஞ்சுது."

அப்புறம், "ஜூலை 9. 3.22. வந்தாங்க. அம்மா போனை அரிசி டப்பாவில வெச்சாங்க."

"ஜூலை 18. 5.49. வந்தாங்க. கேள்வி ஆறு. அம்மா அழுகலை."

"ஆகஸ்ட் 20. தவறான எச்சரிக்கை. அப்பா கீழயே நின்னு போன்ல பேசிட்டுத் திரும்பப் போயிட்டாங்க. எங்களுக்குத் தெரியலை. முக்கால் மணி நேரம் ரெண்டு பேரும் சத்தம் போடாம உக்காந்திருந்தோம்."

பாருங்கள், தவறான எச்சரிக்கையைக்கூடத் தனியாகக் குறித்திருக்கிறாள். எங்கள் ஆட்கள் பாதிப் பேர் அதைச் செய்ய மாட்டார்கள்.

நான் கோபப்படவில்லை. சத்தியமாகக் கோபப்படவில்லை. அன்றைக்கு டீ குடித்ததும் வழக்கம்போல உட்கார்ந்தோம். மதியைப் பாராட்டினேன். நீயே விளக்கிச் சொல் என்றேன். அவள் தலை குனிந்தபடி சொன்னாள். எல்லாம் சரியாக இருந்தது, ஒரு இடத்தைத் தவிர. எச்சரிக்கை ஒன்றை எழுதினால் அதற்கு ஒரு தரம் போட வேண்டும். சின்ன ஆபத்து, நடுத்தர ஆபத்து, பெரிய ஆபத்து. அவள் நடுத்தரம் என்று போட்டிருந்தாள்.

"ஏன் கண்ணு நடுத்தரம்?" என்று கேட்டேன்.

"நீங்க அடிக்க மாட்டீங்கப்பா. அதனாலதான்."

சுகந்தி கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

நான் பொறுமையாகத் திருத்தினேன். ஒரு தடவை வந்து போகிறதென்றால் நடுத்தரம் சரி. தினமும் வருகிறது, நிற்கவே நிற்காது என்றால் தரத்தை உயர்த்த வேண்டும், அதுதான் விதி என்றேன். அவள் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நோட்டை எடுத்து, நடுத்தரம் என்பதை ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பெரியது என்று எழுதினாள்.

வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்கு வந்தபோது இருவரும் இல்லை. மேஜையில் சுகந்தி எழுதி வைத்திருந்தாள், காரமடையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்துவிட்டது, அங்கேயே வீடு பார்த்துவிட்டேன் என்று. எப்போது விண்ணப்பித்தாள், எப்போது பேசினாள்? என் பதிவில் ஒரு வரிகூட இல்லை. எதிர் வீட்டு அம்மாவின் போனில் செய்திருக்கிறாள். பிறகு தெரிந்தது.

திங்கட்கிழமை அந்த எட்டு வரியை ஆபீசில் காட்டினேன். என் மகள் எழுதினாள் என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். ஷகிலா மட்டும் தட்டவில்லை. திரையைப் படித்துவிட்டு என்னையே பார்த்தாள். "நல்லா இருக்கு சார். இதுல திருடன் யாரு?" என்றாள். போன்தான் என்றேன். அவள் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டாள்.

எங்கள் தொழிலில் ஒரு பெரிய தவறு உண்டு அண்ணா. முப்பது நாள் இயல்பு பார்க்கிறோமே, அந்த முப்பது நாளும் திருடன் ஏற்கெனவே உள்ளே இருந்தால்? அவன் நடமாட்டமும் இயல்பு என்றே பதிவாகிவிடும். அப்புறம் எத்தனை வருடம் பார்த்தாலும் அவனைப் பிடிக்கவே முடியாது. இந்த வீட்டில் அதுதான் நடந்திருக்க வேண்டும். ஜூன் மாதத்துக்கு முன்னாலேயே ஏதோ ஒன்று உள்ளே இருந்திருக்கிறது. பழைய பதிவையெல்லாம் எடுத்து வைத்து இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்போது வீட்டில் என் போன் மட்டும்தான். சாம்பல் பெட்டியில் நாளுக்கு நான்கைந்து வரிதான் ஏறுகிறது. எல்லாம் நான்தான். நான் போனேன், நான் வந்தேன். அப்புறம் அந்த விளக்கு. குட்டிக் கம்ப்யூட்டரை மதி கழற்றாமல் போய்விட்டாள். அது இன்னும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. ஒருநாள் சாயங்காலம் வண்டியைத் தெருவிலேயே நிறுத்திவிட்டுப் பின்பக்கம் மோட்டார் அறைப் பக்கமாகப் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் எங்கள் சமையலறை ஜன்னல் தெரியும். மஞ்சளாக இருந்த ஜன்னல் வெள்ளையாக மாறியது. மேலே ஒருவரும் இல்லை. வீட்டில் ஒருவருமே இல்லை அண்ணா. யாருக்குச் சொல்கிறது? ஒரு நிமிடம் கழித்து மறுபடி மஞ்சள். அதற்குப் பிறகும் நான் மேலே ஏறவில்லை. மூலையில் இருக்கிற பேக்கரியில் போய் உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து தினமும் மோட்டார் அறைப் பக்கம் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

குடும்ப நல நீதிமன்றத்தில் மனு போட்டேன். மதி வாரம் ஒருநாளாவது என்னிடம் வர வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம் என்று கேட்டேன். நான் எவ்வளவு அக்கறையான தகப்பன் என்று காட்டுவதற்காக ஆறு மாதப் பதிவையும் அச்செடுத்துச் சேர்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். எந்தத் தகப்பன் இப்படிப் பிள்ளையைக் கவனித்திருக்கிறான்? மதியின் பதிவேட்டையும் சேர்த்தேன், எங்களுக்குள் எவ்வளவு ஒற்றுமை என்று தெரியட்டும் என்று. ஆலோசகர் அம்மா, வயதானவர், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை நீங்களேதான் கொண்டுவந்தீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

நேற்று நீங்கள் காரமடைக்கு அளவெடுக்கப் போனீர்களாமே? வீடு எப்படி இருக்கிறது? வெளிச்சம் இருக்கிறதா? யார் கதவைத் திறந்தது? பாட்டு ஏதாவது ஓடிக்கொண்டிருந்ததா? மணி எத்தனை இருக்கும் அப்போது?

சரி, விடுங்கள். சும்மா கேட்டேன்.

ஒன்று செய்யலாமா? இந்தப் பெட்டியோடு சேர்த்து அந்தச் சாம்பல் பெட்டியையும் அங்கே மாட்டிவிட்டால்? சின்னதுதான். ஒயரோடு ஒயராக இருக்கும், யாருக்கும் தெரியாது. அங்கே அவர்கள் இரண்டு பேர் தனியாக இருக்கிறார்களே, ஒரு பாதுகாப்புக்காகத்தான் சொல்கிறேன்.

ஷகிலா பார்த்த மாதிரியே பார்க்கிறீர்கள். வேண்டாம், அது இங்கேயே இருக்கட்டும். நீங்கள் எழுதுங்கள், பேனா இருக்கிறதா?

காரணம் இதுதான். போன திங்கட்கிழமை ஆலோசகர் அம்மா மதியைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டார். மூன்று வழி சொன்னாராம். ஞாயிற்றுக்கிழமை நீ அப்பா வீட்டுக்குப் போகிறாயா? இல்லை, இங்கே நீதிமன்றத்தில் இருக்கிற குழந்தைகள் அறையில் பார்க்கிறாயா? இல்லை, அப்பா உன் வீட்டுக்கு வரட்டுமா? இந்த வீட்டிலிருந்து உனக்கு என்னென்ன பொருள் வேண்டும், சைக்கிள், டேப்லெட், மேஜை, எதுவானாலும் சொல் என்றும் கேட்டாராம். அவர் கேட்டதையும் அவள் சொன்னதையும் அப்படியே தாளில் எழுதி எனக்கு ஒரு பிரதி கொடுத்தார்.

சைக்கிள் வேண்டாம் என்றாள். டேப்லெட் வேண்டாம் என்றாள். சமையலறை விளக்கும், குட்டிக் கம்ப்யூட்டரும், அப்பாவின் போன் தானாகச் சேருகிற அந்த வைஃபை பெட்டியும் சனிக்கிழமைக்குள் வந்துவிட வேண்டும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அப்பா வரலாம், போனை எடுத்துக்கொண்டுதான் வர வேண்டும் என்றாள்.